செதிள், இரண்டு மணி முதல் நாலு மணி வரை

புற்றுநோய் தெறிக்கும் என்று நான் நம்பினேன். தெறித்து வந்து என் கண்ணில் ஒட்டிக்கொண்டது என்றும் நம்பினேன். ஏதோ ஒரு நிமிடப் பதற்றம் என்று நினைக்காதீர்கள். முழுதாக ஒன்பது நாள் நம்பினேன். கண்ணைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் இப்படி நம்பினால் மன்னித்துவிடலாம். நானோ இருபது வருடத்துக்கு மேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மன்னார்ச் சனத்தின் கண்ணைப் பார்த்தே சோறு தின்றவன். கண் கிளினிக்கின் தொழில்நுட்பவியலாளன். சனத்தின் வாயில் ‘கண் டொக்டருக்குப் பக்கத்தில் நிக்கிற தாசன்.’

ஓய்வு எடுத்துப் பத்து மாதமாகிறது. ஐம்பத்தைந்தில் போகலாம் என்று சட்டம் சொன்னது, போனேன். இந்தக் கதையை என்னோடேயே வைத்திருந்திருப்பேன். போன கிழமை தர்சினி தொலைபேசியில் கூப்பிட்டுக் கெடுத்துவிட்டாள். என் கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். கிளினிக்குக்குக் கண்ணைப் படம் பிடிக்கும் கமரா வந்துவிட்டது. நோயாளிகளின் பழைய கார்ட்டுகளை எல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றுகிறார்களாம்.

“தாசன் அண்ணை, ஒரு கார்ட் கிடக்கு. உங்கட கையெழுத்து. ‘செதிள், இரண்டு மணி முதல் நாலு மணி வரை’ எண்டு எழுதியிருக்கிறீங்கள். இது கண் வருத்தமோ, மீனோ?”

“ரெண்டும்தான்” என்றேன்.

“இன்னொரு கார்ட்டும் இதோட சேர்த்து நூலால கட்டிக் கிடக்கு. அதில உங்கட பேர் கிடக்கு.”

“அதைப் படியாதை பிள்ளை.”

“படிச்சிட்டன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஊருக்குப் போவதற்கு முன் நானே எழுதிவிடுவது நல்லது.

நான் பயிற்சி பெற்ற கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. கொழும்பில் ஓர் அறையில் நாலு பேர், ஒரு மேசை மின்விசிறி, எனக்கு விளங்காத சிங்களத்தில் பாதிப் பாடம், விளங்காத ஆங்கிலத்தில் மீதிப் பாடம். ஆட்டுக்கண்ணை அறுத்துக் காட்டிய அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன். முடிந்துவிட்டது பயிற்சி. வேலையை எனக்குப் பழக்கியவர் டொக்டர் யோகேஸ்வரி.

குள்ளமான மனுசி. சிலிட் லாம்புக்குப் பின்னால் இருந்தால் தலைமயிர் மட்டும்தான் தெரியும். சிலிட் லாம்ப் என்பது, நாடியை வைத்து நெற்றியை முட்டிக்கொண்டு நீங்கள் இருக்க, மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்றை உங்கள் கண்ணில் விட்டு அந்தப்பக்கம் இருப்பவர் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி. அவ சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் பிழையாக ஏதும் எழுதினால் கார்ட்டை என் பக்கம் திருப்பி வைப்பா. “திரும்பப் பாருங்கோ” என்பா. அவ்வளவுதான். பிழை எது என்று சொல்லமாட்டா. ஒரு முறை ஒரே கண்ணை ஐந்து தடவை திரும்பப் பார்த்தேன். ஆறாம் தடவை அந்தக் கண்ணுக்குரிய ஐயாவே எழும்பி, “தம்பி, நான் வேணுமெண்டால் கண்ணைக் கழட்டித் தந்திட்டுப் போறன், ஆறுதலாப் பாருங்கோ” என்றார்.

அவவின் சட்டம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கண்ணையும் வட்டம் போட்டு வரையவேண்டும். அந்த வட்டம் ஒரு மணிக்கூடு. உச்சி பன்னிரண்டு, அடி ஆறு. காயமோ சிவப்போ எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று குறிக்கவேண்டும். பக்கத்தில் பார்த்ததை எழுதவேண்டும். “நினைச்சதை எழுதாதேங்கோ, தாசன். தெரியிறதை எழுதுங்கோ. நினைக்கிறதுக்கு எனக்குச் சம்பளம் தருகினம்.”

இதை எனக்கு ஆயிரம் முறை சொல்லியிருப்பா. ஆயிரத்தோராவது முறைதான் பிலோமினாக்கா வந்தா.

பிலோமினாக்கா தலைமன்னார்ப் பக்கம், கடற்கரையில் மீன் காயவைக்கும் ஒரு கருவாட்டு வாடியில் மீன் வெட்டுகிறவ. அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை வெயிலில் குந்தியிருந்து கத்தியோடு வேலை. வாய்க்கும் கத்திக்கும் ஒரே கூர். வலக்கண்ணில் பல வருடமாக ஓயாத தொல்லை. கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் வழி அடைத்து, மூக்கடியில் இருக்கும் சின்னப் பைக்குள் சீழ் கட்டிவிட்டது. விரலால் அமத்தினால் கண்ணுக்குள் பீளையாக ஏறும். டொக்டர் ஒவ்வொரு முறையும் “ஒப்பரேசன் செய்யவேணும்” என்பா. பிலோமினாக்கா ஒவ்வொரு முறையும் “சீசன் முடியட்டும்” என்பா. மன்னாரில் எப்போது சீசன் முடிகிறது என்று கண்டவர் யார்? வடக்குக் கடல் அடங்கினால் தெற்குக் கடல். மருந்துத்துளிப் போத்தலை வாங்கிக்கொண்டு போய்விடுவா.

அன்று செவ்வாய்க்கிழமை. கதிரையில் வந்து குந்தியதுமே சொன்னா: “தம்பி, கண்ணில செதிள் ஒட்டிப்போட்டுது. மூண்டு மாசமாக் கிடக்கு. எடுத்து விடு.”

வாடியில் வேலை செய்கிறவர்களுக்கு இது நாளாந்தம் நடக்கிற விசயம். மீனின் செதிள் தெறித்துக் கருவிழி ஓரத்தில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வெள்ளையாக, பளபளவென்று. கண்ணை மரத்துப்போக வைக்கும் துளி விட்டு, நனைந்த பஞ்சுக்குச்சியால் மெல்லச் சுழற்றினால் வந்துவிடும். நான் எடுத்த செதிள்களை எல்லாம் சேர்த்துவைத்திருந்தால் ஒரு விளைமீனுக்குச் சட்டை தைத்திருக்கலாம். அக்காவின் கண்ணை டோர்ச் அடித்துப் பார்த்தேன். வலக்கண், மூக்குப் பக்கம், கருவிழி ஓரத்தில் ஒரு வெள்ளைத் தகடு. பீளைக்கு நடுவில் மினுங்கியது. உடனே வட்டத்தைப் போட்டேன். ‘செதிள், இரண்டு மணி முதல் நாலு மணி வரை’ என்று எழுதினேன். எழுதிவிட்டுத்தான் எடுக்கவே போனேன். மூன்று மாதமாக ஒரு செதிள் கண்ணில் கிடக்குமா என்று என் மூளை கேட்கவில்லை. என் மூளைக்கு அன்று லீவு.

பஞ்சைச் சுழற்றினேன். வரவில்லை. இன்னொரு பஞ்சு. வரவில்லை. மூன்றாவது முறை கொஞ்சம் அழுத்தினேன். இரத்தம் வந்தது. செதிள் இரத்தம் விடாது என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பதறிப்போய், வழிகிற இரத்தத்தைத் துடைக்க அக்காவின் முகத்தைப் பிடித்தேன். பிடித்த இடம் மூக்கடி. பெருவிரல் அந்தப் பையின்மேல் விழுந்தது. சீழ் பீறிட்டு வந்து நேரே என் வலக்கண்ணில் அடித்தது. என் மூக்குக்கண்ணாடி வழக்கம்போல நெற்றியில் ஏறிக் கிடந்தது.

“அடக் கடவுளே, தம்பிக்குப் பட்டிட்டுதோ?” என்று அக்கா தன் சீலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைக்க வந்தா. அந்தச் சீலையில் காலையில் வெட்டிய மீன் முழுவதும் இருந்தது.

இந்தக் கூத்துக்குள் டொக்டர் வந்தா. அக்காவை சிலிட் லாம்பில் இருத்தினா. பார்த்தா. வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தா. பிறகு ஒரு சாயத்தாளை நனைத்துக் கண்ணில் தொட்டுத் திரும்பவும் பார்த்தா. கார்ட்டை எடுத்தா. என் பக்கம் திருப்பி வைத்தா.

“தாசன், செதிளுக்கு இரத்தக்குழாய் இருக்குமா?”

நான் கார்ட்டைக் குனிந்து பார்த்தேன்.

“திரும்பப் பாருங்கோ.”

பார்த்தேன். வெள்ளைத் தகடு கண்ணின்மேல் கிடக்கவில்லை, கண்ணிலிருந்து வளர்ந்திருந்தது. சின்னச் சின்ன இரத்தக்குழாய்கள், போத்தல் மூடி திறக்கும் திருகாணி போல முறுகி முறுகி அதற்குள் ஏறியிருந்தன. ஓரத்துத் தோல் சாயத்தைக் குடித்துப் பச்சையாக நின்றது. ஓயாத பீளை இதை இவ்வளவு நாளும் மூடிவைத்திருந்தது. சிவந்த கண் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, சிவப்புக்கு அடியில் இது தன்பாட்டில் வளர்ந்திருக்கிறது.

டொக்டர் அக்காவின் முகத்துக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டா. ஊரில் இந்தச் சொல்லை ஒருவரும் சத்தமாகச் சொல்வதில்லை. ‘அந்த வருத்தம்’ என்பார்கள், ‘கூடாத வருத்தம்’ என்பார்கள், சிலர் வாயை மட்டும் அசைப்பார்கள். டொக்டர் மீன் விலை சொல்வதுபோலச் சொன்னா.

“இது புற்றுநோயா இருக்கலாம். கண்ணின்ர மேல்தோலில வாறது. வெட்டியெடுத்து அனுப்பிப் பாத்தாத்தான் நிச்சயம். ஆனா சீழ் இருக்கிற கண்ணில கத்தி வைக்கேலாது. கிருமி உள்ளுக்குப் போனா முழுக்கண்ணும் போகும். முதல் அந்தப் பையை எடுக்கவேணும். பிறகு இதை எடுக்கவேணும். வாற வெள்ளிக்கிழமை வந்து ஆசுபத்திரி வாட்டில நில்லுங்கோ.”

“கண் போகுமோ டொக்டர்?”

“இப்ப செய்தா காப்பாத்தலாம். இன்னொரு சீசன் பாத்தா கண் போகும். அதுக்குப் பிறகும் விட்டா கண்ணோட நிக்காது.”

பிலோமினாக்கா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. “என்ர கண்ணை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்” என்றா. “வெள்ளிக்கிழமை வாறன்.”

எவ்வளவு நேர்த்தியாக அந்த இரண்டு பெண்களும் பேசி முடித்தார்கள்! நான் மட்டும் மூலையில் நின்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சீழ் தொற்றும். சீழ் அந்தப் புற்றில் குளித்துக் கிடந்தது. அந்தச் சீழ் என் கண்ணில். ஆகவே புற்று என் கண்ணில். இதில் எங்கே ஓட்டை? எனக்குத் தெரியவில்லை. பயம் போடுகிற கணக்கில் ஒருநாளும் ஓட்டை தெரியாது.

கிளினிக்குக்கு வெளியே, வாசலில் கழுதைகள் நின்று நோயாளிகளின் பாண் துண்டுக்குக் காத்திருக்கும் இடத்தில், ஒரு பைப் இருக்கிறது. சவர்க்காரக் கட்டியோடு ஓடினேன். கை கழுவினேன், முகம் கழுவினேன், பிறகு இரண்டு கண்ணையும் விரித்து உள்ளேயும் கழுவினேன். வரிசையில் நின்ற சனம் எல்லாம் பார்த்தது. கழுதைகளும் பார்த்தன. தலைமன்னார் பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஒருத்தி கேட்டாள்: “என்ன அண்ணை, உந்தத் தேய்ப்புத் தேய்க்கிறீங்கள்?”

அப்போது நான் சொன்னதை இன்று நினைத்தாலும் என் காது சுடுகிறது. “அது பொல்லாத சாமான், பிள்ளை. பட்டால் போச்சு.”

வீட்டுக்குப் போனதும் எனக்கென்று தனிக் கோப்பை, தனித் துவாய், தனிப் பாய். மனைவி ஜெசிந்தா ஏன் என்று கேட்டாள். கிட்ட வராதே என்றேன். “கலியாணம் கட்டி இவ்வளவு வருசத்தில இண்டைக்குத்தான் நல்ல யோசினை வந்திருக்கு” என்றுவிட்டுச் சோறு போடப் போனாள். மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம். முடிந்தது கதை என்று நினைத்தேன். அரை மணிக்கு ஒரு முறை சவர்க்காரத்தோடு ஓடிப்போய்க் கழுவினேன். கழுவக் கழுவச் சிவந்தது. சிவக்கச் சிவக்கக் கழுவினேன். ஒரு கண் போனால் எப்படி நடப்பது என்று பழகிவைக்கவேண்டாமா? வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். அலுமாரியில் முட்டி நெற்றி வீங்கியது. மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தேன், மன்னாரிலிருந்து கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று. பிறகு வெயிலை நினைத்து, உயிலங்குளம் வரை பஸ்ஸில் வந்து அங்கிருந்து நடக்கிறேன் என்று திருத்தினேன்.

நாள் முழுவதும் என் கையெட்டும் தூரத்தில் ஒரு சிலிட் லாம்ப் இருந்தது. எந்தக் கண்ணையும் நாற்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அதன் முன் மற்றவர்களை இருத்தினேன். நான் இருக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்தேன்.

வெள்ளிக்கிழமை பிலோமினாக்கா வரவில்லை. டொக்டர் வாட்டுக்குப் போய் வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்தா. அடுத்த செவ்வாயும் வரவில்லை. அன்று கிளினிக் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டா.

“கண்ணாடியைக் கழட்டுங்கோ, தாசன்.”

கழற்றினேன்.

“இருங்கோ.”

அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த லாம்பின் மறுபக்கத்தில் இருந்தேன். நாடியை வைத்தேன். வெளிச்சக் கோடு கண்ணுக்குள் போக, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: சீழ் தெறித்தது, சீழ் புற்றில் குளித்தது, பைப்படி, தனிப் பாய், மடுமாதா. டொக்டர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவ பட்ட பாட்டில் லாம்பின் மேசையே நடுங்கியது. ஒரு புதுக் கார்ட் எடுத்து, என் பெயரை எழுதி, இரண்டு வட்டம் போட்டு, ஏதோ எழுதி, மடித்து, மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினா.

“புற்று தொற்றாது. இது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் டொக்டர். ஆனாலும்…”

“ஆனாலும் எண்டது நினைப்பு. உங்களுக்கு வந்திருக்கிறது புற்று இல்லை. என்னெண்டு பிறகு சொல்லுறன். அதுவரை கண்ணுக்கு ஒண்டும் போடாதேங்கோ, பச்சைத் தண்ணியைத் தவிர. நாளைக்கு லீவு. தலைமன்னாருக்குப் போய் அந்த மனுசி ஏன் வரேல்லை எண்டு பாருங்கோ.” கதவடியில் என்னை நிறுத்தி, “நினைச்சதைக் கொண்டு வராதேங்கோ. தெரியிறதைக் கொண்டு வாங்கோ” என்றா.

ஒன்பதாம் நாள் வாடிக்குப் போய் இறங்கினேன். என்னைத் தேற்றுவதற்காகத்தான் டொக்டர் ‘புற்று இல்லை’ என்றிருப்பா என்று பஸ்ஸில் முக்கால்வாசி வழியும் யோசித்துக்கொண்டு போனேன். வாடியில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து சூரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிலோமினாக்கா அந்த வரிசையில் இல்லை. இருபது முழம் தள்ளி, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் தனியே இருந்தா. தனிக் கத்தி, தனி வாளி. அவ வெட்டிய மீன் தனிப் பாயில் காய்ந்தது. அந்தப் பாயைப் பார்த்ததும் என் வீட்டுப் பாய் ஞாபகத்துக்கு வந்தது.

என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைக்காமலே எழும்பினா.

“வா தம்பி, வா! சவர்க்காரம் கொண்டு வந்தனியோ?”

“அக்கா…”

“நீ பைப்படியில நிண்டு தேய்ச்ச தேய்ப்பு, எனக்கு முதல் பஸ்ஸில வந்து இறங்கிட்டுது! கண் பாக்கிறவனே கழுவுறான் எண்டால் எங்களுக்கு என்ன கதி எண்டு என்னை எழுப்பி இஞ்ச இருத்திப் போட்டாளவை. என்ர கோப்பையில ஒருத்தியும் தேத்தண்ணி ஊத்திறாளில்லை.”

“அதுக்காக வாட்டுக்கு வராம விடுறதோ? வெள்ளிக்கிழமை வாறன் எண்டு சொன்னனீங்கள்.”

“வரமாட்டன். நான் ஆசுபத்திரிக்கு வெளிக்கிட்டால், பாத்தியளோ, முத்திப்போச்சு, கொண்டு போகினம் எண்டு சொல்லுவாளவை. திரும்பி வந்தா இந்த வள்ளத்து நிழலும் கிடையாது. நான் இஞ்சதான் இருப்பன். இந்த இடத்தை விட்டு ஆர் எழுப்புகினம் எண்டு பாப்பம்.”

அந்த மனுசி பயத்தில் ஒளிந்திருக்கவில்லை. முழு வாடியோடும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தா. கண்ணைக் கொடுக்கமாட்டேன் என்று சொன்ன அதே பிடிவாதத்தில் கண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்தா. சண்டையை மூட்டிவிட்டவன் நான்.

வாடிச் சம்மாட்டி, வாடியும் வள்ளங்களும் அவருடையவை, நிழலுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: “ஐயா, நீங்கள்தானே பட்டால் போச்சு எண்டு சொன்னனீங்களாம்? கருவாட்டில பட்டால்?”

எனக்கு ஒரு கோபம் வந்தது. அவர்மேல் வரவில்லை. ஒன்பது நாளாக என் வீட்டில் தனிப் பாயில் படுத்திருந்த அந்த மடையன்மேல் வந்தது. வரிசைக்கு நடுவில் போய் நின்று சத்தமாகச் சொன்னேன்.

“சொன்னனான். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. பயத்தில கழுவினனான், பயத்தில சொன்னனான். இப்ப பயமில்லாமச் சொல்லுறன், கேளுங்கோ. அக்காவுக்கு இருக்கிறது புற்றுநோய். ஓம், அந்தச் சொல்லைத்தான் சொல்லுறன், ஏன் வாயைப் பொத்திறீங்கள்? அது ஒருத்தரிட்டை இருந்து ஒருத்தருக்குத் தொற்றாது. கோப்பையால வராது, கருவாட்டால வராது. பீளைதான் தொற்றக்கூடியது. அதுக்குத் துவாயைப் பிரியுங்கோ. மனுசியைப் பிரிக்காதேங்கோ!”

ஒருத்தி என்னை அண்ணாந்து பார்த்தாள். “அப்ப ஏனண்ணை உங்கட கண் கொவ்வைப்பழமாக் கிடக்கு?”

நல்ல கேள்வி. பதில் டொக்டரின் லாச்சிக்குள் இருந்தது. நேரே வள்ளத்தடிக்குப் போனேன். பிலோமினாக்காவின் கோப்பையில் ஆறிப்போய்க் கிடந்த தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். உள்ளுக்குள் இன்னும் முக்கால்வாசிப் பயம். குடித்தேன். பிறகு அக்காவின் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு சூரையையும் கத்தியையும் எடுத்தேன். இரண்டு வெட்டில் மீன் மூன்று துண்டானது, என் விரல் கிட்டத்தட்ட இரண்டானது.

பிலோமினாக்கா பார்த்துக்கொண்டே இருந்தா. “கருவாட்டுக்கு வெட்டச் சொன்னா குழம்புக்கு வெட்டுறான், பாருங்கோடி” என்றா.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். கடைசியில் இருந்த எலிசபெத் என்கிறவ சிரித்துக்கொண்டே தன் வெட்டுப்பலகையைத் தூக்கி, வள்ளத்துப் பக்கமாக ஒரு நாலு முழம் தள்ளி வைத்தா.

“நான் வாறன்” என்றா அக்கா. “ஆனா ஒரு கதை. வெள்ளிக்கிழமை நீ வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகவேணும். பஸ்ஸில என்ர பக்கத்துச் சீட்டில இருக்கவேணும். முன்சீட். எல்லாரும் பாக்க.”

வெள்ளிக்கிழமை முன்சீட்டில் இருந்தோம். பேசாலையில் ஏறியவர்களுக்கெல்லாம் அக்கா தானாகவே அறிவித்துக்கொண்டு வந்தா: “எனக்குக் கண்ணில புற்றுநோய். இவர்தான் பாக்கிறவர். தொற்றாதாம்.”

முதலில் சீழ்ப் பை. டொக்டர் அதைச் சுரண்டி வழி திறக்கப் பார்க்கவில்லை, முழுதாகவே எடுத்துவிட்டா. சீழுக்கு இருக்க இடமில்லாமல் போய்விட்டது. “இனி இந்தக் கண்ணீர் மூக்குக்குள்ள போகாது, வெளியாலதான் ஓடும்” என்று முன்பே சொல்லியிருந்தா. அக்கா கேட்டா, “அப்ப நான் அழுறன் எண்டு சனம் நினைக்குமோ?” டொக்டர் “ஓம்” என்றா. “நினைச்சிட்டுப் போகட்டும்” என்றா அக்கா.

இரண்டு கிழமை பொறுத்து, பீளை முற்றாக நின்ற பிறகு, மற்றது. உறைய வைக்கும் கருவியை வேறோர் ஆசுபத்திரியிலிருந்து இரவல் எடுத்தோம். அன்று டொக்டரின் கையைப் பார்த்ததை நான் மறக்கமாட்டேன். கட்டியின் விளிம்பில் வெட்டவில்லை. விளிம்புக்கு வெளியே, நல்ல தோலில், ஒரு கோடு விட்டு வெட்டினா. கட்டியை ஒரு முறையும் இடுக்கியால் தொடவில்லை. தொட்டால் அதன் உயிர்க்கலங்கள் இடுக்கியில் ஏறி வேறிடத்தில் விதையாகிவிடும். சுற்றியிருந்த தோலைப் பிடித்தே முழுவதையும் ஒரே துண்டாகத் தூக்கினா. கருவிழி ஓரத்தை மதுசாரம் தொட்ட பஞ்சால் துடைத்தா. வெட்டின விளிம்பைச் சுற்றி உறைகருவியை வைக்க, தோல் பனிக்கட்டியாக வெளுத்தது. உருக விட்டா. மீண்டும் வெளுக்க வைத்தா. பிறகு கத்தி, இடுக்கி, கையுறை எல்லாவற்றையும் மாற்றித்தான் காயத்தை மூடினா.

என் வேலை கடதாசி. எடுத்த துண்டு சுருண்டுபோனால் எது விளிம்பு என்று பரிசோதனைக்காரருக்குத் தெரியாது. அதனால் ஒரு கடதாசித் துண்டில் அதை விரித்து ஒட்டவைத்து, சுற்றிவர மணியைப் பென்சிலால் குறிக்கவேண்டும். துண்டைக் கெடாமல் வைக்கும் போர்மலினில் மை கரைந்துவிடும், பென்சில் நிற்கும். இரண்டு, மூன்று, நாலு என்று குறித்தேன். போத்தலின் மேல் என்ன எழுதுவது? டொக்டரைப் பார்த்தேன். அவ என்னைப் பார்த்தா. ‘வெள்ளைத் தகடு, இரத்தக்குழாயுடன், வலக்கண், மூக்குப் பக்கம்’ என்று எழுதினேன். தெரிந்தது அதுதான்.

அறிக்கை வர ஒரு மாதத்துக்கு மேலானது. அதற்குள் பிலோமினாக்கா மூன்று தரம் வந்து “என்னவாம்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டா. அறிக்கை வந்த அன்று, அக்காவும் கதிரையில் இருக்க, டொக்டர் அதை இரண்டு முறை வாசித்தா. புற்றுத்தான். மேல்தோலோடு நிற்கிறது, ஆழத்தில் இறங்கவில்லை. நாலு மணி விளிம்பில் மட்டும் சந்தேகம். பிறகு ஒன்று செய்தா: அக்காவின் பழைய கார்ட்டை எடுத்து, என் பக்கம் திருப்பி வைத்தா. ‘செதிள், இரண்டு மணி முதல் நாலு மணி வரை.’

“திரும்பப் பாக்கவோ டொக்டர்?” என்றேன், செத்த குரலில்.

“இல்லை. இந்தப் புற்றுக்கு ஆங்கிலத்தில என்ன பேர் எண்டு தெரியுமோ? அந்தப் பேருக்கு அடிச்சொல் லத்தீன். அதின்ர கருத்து மீன் செதிள். மேல்தோலில இருக்கிற கலங்கள் செதிள் மாதிரித் தட்டையாக் கிடக்கும். தமிழ்ப் புத்தகத்திலயும் செதிட்கலப் புற்று எண்டுதான் கிடக்கு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. “ஆய்வுகூடம் ஒரு மாசம் எடுத்துக் கண்டுபிடிச்சதை இந்த மனுசி அண்டைக்குக் கதிரையில குந்தின உடனேயே சொல்லிப்போட்டா.”

பிலோமினாக்கா கதிரையில் நிமிர்ந்தா. “நான் அண்டைக்கே செதிள் எண்டு சொன்னனான்! ஆர் கேட்டது?”

“நான் கேட்டனான் அக்கா, அதுதான் பிழை” என்றேன்.

நாலு மணி விளிம்புக்காக ஒரு துளிமருந்து. ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை, நாலு சுற்று. குளிரில் வைக்கவேண்டிய மருந்து. அக்கா வீட்டில் குளிர்சாதனப்பெட்டி இல்லை. ஒரு சுடுதண்ணிப் போத்தலுக்குள் ஐஸ் போட்டு அதற்குள் வைத்தா. ஒவ்வொரு காலையும் அந்த ஐஸை உடைத்துக் கொடுத்தவர் வாடிச் சம்மாட்டி. மன்னிப்பென்று அவர் வாயால் ஒன்றும் கேட்கவில்லை. “உருகுதோ? இன்னும் கொஞ்சம் பிடி” என்பாராம்.

தர்சினிக்குப் பதில் சொல்வதற்காக முந்தாநாள் தலைமன்னாருக்குப் போய்வந்தேன். அக்காவின் கண்ணை வெட்டி எட்டு வருடமாகிறது. அக்கா இப்போது வரிசைக்கு நடுவில் இருக்கிறா. வெயிலுக்கு அகன்ற ஓலைத்தொப்பி, கறுப்புக் கண்ணாடி, டொக்டரின் கட்டளை. வலக்கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதே நேரத்தில் யாரையோ ஏசிக்கொண்டும் இருக்கிறா. தூரத்தில் வந்த என்னை அந்த வலக்கண்ணால்தான் முதலில் கண்டா.

பிலோமினாக்காவின் கண்ணில் இருந்தது புற்றுநோய். எடுத்தாயிற்று. திரும்பி வரவில்லை. லாச்சிக்குள் பூட்டி வைத்து, பிறகு ஒருநாள் எனக்குக் காட்டிவிட்டு, அக்காவின் கார்ட்டோடு நூலால் கட்டிய மற்றக் கார்ட்டில் டொக்டர் யோகேஸ்வரியின் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: ‘இரண்டு கண்ணும், பன்னிரண்டு மணி முதல் பன்னிரண்டு மணி வரை. சவர்க்காரம்.’